சாம்பிளுக்கு இருபது தலைப்பிரட்டைகள்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் நினைவு நிற்கும்.

1. அக்டோபர் நடுவில் மழை பிடித்த மறுநாள் காலை, ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மழைத்தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்மின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு கை அளவுக்கு நுரை ஒட்டியிருந்தது. தண்ணீருக்கு ஒரு சாண் மேலே.

2. துணி சோப்பு நுரை என்று நினைத்துத் துடைக்கப் போனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

3. அது மரத்தவளையின் முட்டைக்கூடு. ஐந்தாம் நாள் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன.

4. அதே வாரம் அப்பாவுக்குக் கடிதம் வந்தது. ஓய்வு பெற்றுவிட்டதால் வீட்டை நவம்பர் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அதன்பின் அந்த பிளாக்கை இடிக்கிறார்கள்.

5. தலைப்பிரட்டை தவளையாகி டிரம்மை விட்டு ஏறிப்போக எவ்வளவு நாள் வேண்டும் என்று கணக்கிட்டேன். கெடுவுக்குள் முடியாது, ஏறக்குறைய மூன்று வாரம் போதவில்லை.

6. வேறு இடம் தேடினோம். பூந்தமல்லியில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயில் வளாகத்தில் சிமெண்ட் தொட்டி கிடைத்தது.

7. முதலில் சாம்பிள், அப்புறம் மொத்தம் என்றார் அப்பா. இருபது போயின. மூன்று நாளில் பதினேழு செத்தன.

8. அதற்கான பழி, ஒன்றும் செய்யாத ஒருவர்மேல் விழுந்தது.

இதில் முதல் ஏழு வரிகளையும் நான் அப்போதே என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியவில்லை.

அப்பா பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுப் பிரிவில் இருந்தவர். உள்ளே வரும் பாகங்களை அளந்து பார்த்து, சரி, நிறுத்திவை, தள்ளு என்ற மூன்றில் ஒன்றைச் சொல்வது வேலை. அந்த வேலை வீட்டுக்கும் வரும். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குவது எல்லோரும் செய்வதுதான். அரைக் கிலோவுக்கு எத்தனை காய் ஒடிக்கலாம் என்று கணக்கு வைத்திருந்தவர் அப்பா ஒருவராகத்தான் இருக்கும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், அளவுக் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதிக்கும் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். அம்மா தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகி இந்தக் குவார்ட்டர்ஸுக்கு வந்து இருபத்தேழு வருடம் ஆகியும் அவளுடைய பேச்சு மட்டும் ரயிலேறி வரவே இல்லை.

அந்தத் தவளை இனம் எங்களுக்குப் புதிதல்ல. குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால் எப்போதும் ஒன்று இருக்கும். ஒரே தவளை அத்தனை வருடம் இருந்திருக்காது. ஒன்று போய் ஒன்று வந்திருக்கும். அம்மாவுக்கு அது எல்லாமே ஒன்றுதான். "அவ இருக்கா, பாத்துத் தண்ணி ஊத்து" என்பாள். நான் பள்ளிக்கும் அப்பா ஷிப்டுக்கும் போன பிறகு மாலைவரை அந்த வீட்டில் அம்மாவும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததும்தான். அப்போது இரண்டுபேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதில்லை. பேசியிருப்பாள் என்று மட்டும் தெரியும்.

பகலில் பார்த்தால் அது உயிருள்ள ஒன்று என்று சொல்ல முடியாது. நான்கு கால்களையும் வயிற்றுக்கடியில் மடக்கி, கண்ணை மூடி, சுவரில் யாரோ அப்பி வைத்த களிமண் உருண்டை மாதிரி இருக்கும். வெள்ளையடித்த சுவரில் இருந்தால் வெளிறிக் கிடக்கும். மரக்கதவில் இருந்தால் பழுப்பேறும். சுவரின் நிறத்துக்கு மாறுவதால் சுண்ணாம்புத் தவளை என்றும் ஒரு பெயர் அதற்கு உண்டு. விரல் நுனி ஒவ்வொன்றிலும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு வட்டத் தட்டு. அதை வைத்துத்தான் வழவழப்பான டைலில்கூட ஏறுகிறது. காலை நீட்டித் தாவும்போது மட்டும் தொடையின் பின்பக்கத்து மஞ்சள் புள்ளிகள் தெரியும். உள்பாவாடை ஓரத்தில் போட்ட பூ வேலை மாதிரி, வெளியே காட்டுவதற்காக வைத்தது அல்ல. அதன் குரல் பலகையில் விரல் முட்டியால் தட்டுவது போல இருக்கும். டக் டக் டக், நிறுத்தம், மறுபடி டக் டக். குடிவந்த புதிதில் அப்பா இரண்டு மூன்று தடவை எழுந்து போய்க் கதவைத் திறந்து, "யாரு?" என்று கேட்டிருக்கிறார். அம்மா அதை இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

அது வாழ்ந்த இடத்தைக் காடு என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆவடியில் ஏது காடு. ஆனால் குவார்ட்டர்ஸ் கட்டியபோது நட்ட தூங்குமூஞ்சி மரங்களும் வேம்பும் புங்கையும் இப்போது மூன்று மாடி உயரம். பத்து வருடத்துக்கு முன்பே ஆட்கள் வெளியேறிய பிளாக்குகள் எங்களுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவற்றின் பால்கனிகளில் அரசங்கன்று முளைத்திருந்தது. படிக்கட்டில் கொடி இறங்கியிருந்தது. மேலே கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டதில், மத்தியானத்திலும் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் சட்டென்று சட்டைக்குள் குளிர்ச்சி தெரியும். கீழே சருகு கணுக்கால்வரை. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் உள்ளே மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு மரத்தவளைக்கு வேண்டியதை நான் பிறகு பட்டியல் போட்டபோது அந்தச் சந்தைத்தான் மனதில் வைத்துப் போட்டேன். பகலில் ஒளிய ஈரமான பொந்து. ஏறி நிற்க இலை, அதிலும் பூச்சி வரும் இலை. மழைக்காலத்தில் இரண்டு மாதமாவது வற்றாத, மீன் இல்லாத தண்ணீர். தண்ணீருக்கு நேர் மேலே நுரைக்கூட்டை ஒட்ட ஓர் இடம். இந்த நான்கும் ஒன்றுக்கொன்று தாவும் தூரத்தில் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனைதான் ஊரில் எங்கும் கிடைக்காதது. தண்ணீர் இருக்கும் இடத்தில் மரம் இல்லை, மரம் இருக்கும் இடத்தில் சிமெண்ட் போட்டுவிட்டார்கள்.

பெரிய தவளைகளைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. அவற்றுக்குக் கால் இருக்கிறது. எந்தப் பக்கம் மரம் நிற்கிறதோ அந்தப் பக்கம் போய்க்கொள்ளும். டிரம்மில் இருந்தவற்றுக்குத்தான் வழி இல்லை. நாங்கள் போனால் டிரம் போகும். அக்கம்பக்க வீடுகள் ஏற்கெனவே காலி. கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்தபின் நாங்கள் உள்ளே வரவும் முடியாது. விட்டுவிட்டு வந்தால், கொசு ஒழிப்புக்கு வருபவர்கள் முதல் நாளே கவிழ்ப்பார்கள். அது அவர்கள் வேலை, குறை சொல்ல முடியாது.

அம்மா தினமும் காலையில் டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பாள். தலைப்பிரட்டைகளின் மூக்கு நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும். மேலிருந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீரில் அந்தப் புள்ளிகள் மட்டும் நகரும். அவித்த கீரைத்தண்டை நசுக்கிப் போடுவாள்.

"என்னங்க, இதுங்கள என்ன செய்யப் போறிய?" என்று அப்பாவைக் கேட்டாள். அதற்கு முன் பீரோவைப் பற்றியோ கட்டிலைப் பற்றியோ அவள் அப்படிக் கேட்கவில்லை.

நாங்கள் குடிபோகும் வீடு சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலைக்கு உள்ளடங்கிய தெருவில், இரண்டாம் மாடி. மேற்குப் பார்த்த பால்கனி. மூன்று மணிக்கு மேல் அதில் அப்பளம் காயவைக்கலாம். வீட்டுக்காரர் முதல் நாளே, எங்கேயும் தண்ணீர் தேக்கி வைக்கக் கூடாது, டெங்குவுக்குப் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதனால் புது வீடு இதற்குச் சரிப்படாது என்று ஆனது. ஞாயிறு பூசைக்கு இனிமேல் போகப்போகிற கோயிலை ஒருநாள் மூன்றுபேரும் போய்ப் பார்த்தோம். அம்மா மாதா சொரூபம் வைத்த கெபியைப் பார்த்தாள், அப்பா வண்டி நிறுத்தும் இடத்தைப் பார்த்தார், நான் தொட்டியைப் பார்த்தேன்.

வளாகத்தின் பின்மூலையில், ஒரு பெரிய நாவல் மரத்தின் அடியில், இடுப்பளவு உயரத்தில் இருந்தது. பாசி பிடித்த உள்சுவர். மீன் இல்லை. பக்கத்துச் சுவர் முழுக்க கொடி. அதற்கு அந்தப்பக்கம் கல்லறைத் தோட்டத்து மரங்கள். நான்கு நிபந்தனையும் அங்கே ஒன்றாக நின்றன. தொட்டித் தண்ணீரை எடுத்துச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரர் ஐம்பது வயதுக்காரர். லுங்கியை மடித்துக் கட்டி, காதில் பென்சில் சொருகியிருந்தார். பென்சில் எதற்கென்று கடைசிவரை தெரியவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஊடு மாத்தறவங்க நாய இட்டாருவாங்க, பூனைய இட்டாருவாங்க. நீங்க தவளைய இட்டாரீங்களா?"

"தவள இல்லப்பா, குஞ்சு" என்றாள் அம்மா.

"கொசுப்புழு வராம கீதுன்னா சாமியாரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. இட்டாங்க. நா பாத்துக்கறேன்."

எனக்கு அன்றே மொத்தத்தையும் கொண்டுவந்துவிட வேண்டும் போலிருந்தது. அப்பா விடவில்லை. தெரியாத சப்ளையர், தெரியாத தண்ணீர். "மொதல்ல சாம்பிள். அது தேறினா மொத்த லாட். லாட்ட அனுப்பிட்டு அப்புறம் யோசிக்கக் கூடாது" என்றார். இருபது என்று எண்ணிக்கையையும் அவரே சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். என் தொழிலிலும் அதுதானே முறை.

மறுநாள் எனக்கு வேலை. டிரம்மிலிருந்து இருபதை எடுத்து, டிரம் தண்ணீரோடேயே மூடிபோட்ட பெயிண்ட் வாளியில் வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். தண்ணீர் எவ்வளவு, மூடியில் எத்தனை ஓட்டை, வாளி எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி டிரம்மில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். மாலையில் சீக்கிரம் வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். அம்மா பின்னால் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டாள். பருத்திப்பட்டு தாண்டி ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாட்டி, மெதுவா" என்றாள். பூந்தமல்லியில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடத்தில் இறங்கி, வாளியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தே வந்தாள். தோட்டக்காரர் தொட்டிக்குப் பலகை எடுத்து வைத்திருந்தார். இருபதும் உள்ளே போயின.

மூன்றாம் நாள் அப்பாவும் நானும் போனோம். பதினேழு, மேலே வெளிறி மிதந்தன. மிச்ச மூன்றும் தொட்டியின் மூலையில் அசையாமல் இருந்தன. தொட்டால் மட்டும் நகர்ந்தன.

அப்பா தண்ணீரைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார். தொட்டியைச் சுற்றி வந்தார். பிறகு தோட்டக்காரரிடம் கேட்டார்.

"இதுல ஏதாவது மருந்து ஊத்துனீங்களா?"

"இல்ல சார்."

"கொசுவுக்குன்னு யாராவது வந்து ஊத்துனாங்களா? பினாயில் கழுவுன பக்கெட்ட முக்குனீங்களா?"

"நா இன்னாத்துக்கு சார் முக்கப்போறேன்? நாய் வாய் வெக்கும்னு பலக போட்டு மூடி வெச்சிகினு கீறேன். தண்ணிகூட இதுலேந்து மொள்ளல. பைப்புலேந்து புடிச்சி தூக்கிகினு போய் ஊத்தறேன் மூணு நாளா."

"கேக்கத்தான் செய்றேன்."

"கேக்கற மாரி இல்ல சார். இஸ்டேசன்ல கேக்கற மாரி கீது."

அப்பா முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். மறுப்பை எழுதி வைத்துக்கொள்கிற முகம் அது, நம்புகிற முகம் இல்லை. தோட்டக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். பைப் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் மூடினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். சாம்பிள் தேறவில்லை, இடம் சரியில்லை, அந்த ஆள் ஏதோ ஊற்றியிருக்கிறான், ஒத்துக்கொள்ளமாட்டேன் என்கிறான் என்றார் அப்பா. பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த அம்மா தொடர்ந்து சுற்றினாள். ஒரே டம்ளருக்கு நான்கு தாள் சுற்றினாள்.

அப்பா சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். வீட்டைக் காலி செய்ய இருபத்தைந்து நாள் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம். இதை எங்கள் வீட்டில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். குவார்ட்டர்ஸில் நீட்டிப்பு கேட்காதவர் குறைவு. அப்பா கேட்காதவர். தன் முப்பத்து நான்கு வருட வேலையில் எதற்கும் ஒருநாள்கூடத் தள்ளிக் கேட்டதில்லை என்பதைத் தானாகச் சொல்லிக்கொள்ளமாட்டார், ஆனால் யாராவது சொன்னால் மறுக்கவும்மாட்டார். பெறுநர், பொருள், ஐயா எல்லாம் எழுதியாயிற்று. காரணம் என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உடம்பு சரியில்லன்னு போடுங்கப்பா" என்றேன்.

"யாருக்கு?"

தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கவில்லை என்று ஒரு தொழிற்சாலை நிர்வாகத்துக்கு எழுத முடியாது. வேறு காரணம் எழுத அவருக்குக் கை வராது.

அம்மா அட்டைப்பெட்டியை விட்டு எழுந்து வந்து மேசைக்கு எதிரில் நின்றாள்.

"அந்த மனுசன் ஒண்ணும் ஊத்தியிருக்கமாட்டாவ."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான பொறுக்கினேன்."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிய ஆரம்பித்தது.

"என்னத்தப் பொறுக்கின?"

"இருபதும். நோஞ்சானாப் பாத்து எடுத்தேன். ஓரத்துல ஒதுங்கிக் கெடக்கும்லா, வாலு சொத்தையா, சரியா மேயாம, அதுங்க." அவள் குரல் தாழவில்லை. "கொழுத்ததெல்லாம் டிரம்முலயே விட்டுட்டேன்."

"ஏன்?"

"தெரியாத எடத்துக்கு எடுத்தவொடன நல்லதயாங்க அனுப்புவாவ?"

பின்பக்கம் மரத்திலிருந்து மழைத்தண்ணீர் தகரத்தில் சொட்டியது கேட்டது. அப்பா பேனாவை மூடினார்.

"முப்பத்து நாலு வருசத்துல எவ்வளவோ சப்ளையரப் பாத்திருக்கேன்" என்றார். "நல்ல பீஸா பொறுக்கி சாம்பிள்னு அனுப்பி ஏமாத்துவான். லாட்டுல இருக்கற ரிஜெக்ட்டயெல்லாம் பொறுக்கி சாம்பிளுக்கு அனுப்பினது நீ ஒருத்திதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையாகத் திரும்பிற்று. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அதுங்களும் உசுருதானங்க. செத்துப்போவும்னு நெனக்கல. அங்க நல்ல தண்ணி கண்டா தேறிரும்னு நெனச்சேன். மொகத்துக்கு நேரா அந்த மனுசனப் போயிக் கேட்டுட்டு வந்திருக்கிய. எனக்கு இருப்பே கொள்ளல."

தவறு அம்மாவுடையது மட்டும் என்று நான் எழுதினால் அது பொய். டிரம்மில் ஒட்டிய என் தாளைப் போய்ப் பார்த்தேன். பதினோரு வரி இருந்தது. வாளியின் மூடிக்கு எத்தனை ஓட்டை என்றுகூட இருந்தது. இருபதை எப்படி எடுக்க வேண்டும் என்று இல்லை. கண்ணை மூடி எடு, பார்த்துப் பொறுக்காதே என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எங்கள் கூடத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரம் நானே சொல்லிக் கொடுப்பது அது. வீட்டில் இருப்பவள் அம்மா, அவளுக்கு அவற்றின்மேல் ஆசை இருக்கிறது என்பதை நான் கணக்கில் வைக்கவில்லை. ஆசை இருக்கும் கை சும்மா மொள்ளாது.

மறுநாள் காலை மூன்றுபேரும் கோயிலுக்குப் போனோம். தோட்டக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுப் பாராதவர் மாதிரி குரோட்டன்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா நேராகப் போய் நின்றாள்.

"தம்பி, தப்பு எங்க மேல. சீக்குப் புடிச்சதயா பொறுக்கி நாந்தான் கொண்டாந்தேன். இவிய தெரியாம உங்களக் கேட்டுட்டாவ."

அவர் கத்தரியை நிறுத்தி அப்பாவைப் பார்த்தார். அப்பா, "நான் கேட்டது தப்புதாம்ப்பா. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்.

"அட உடு சார்." ஆனால் விட்டுவிடவில்லை, அம்மாவிடம் திரும்பினார். "நல்லதெல்லாம் நீ வெச்சிகினு, நோஞ்சானெல்லாம் எங்க தலைல கட்டிட்டியாம்மா? இன்னா ஆளும்மா நீ. கண்ணாலத்துக்குப் பொண்ணு பாக்கற எடத்துலகூட இப்டி பண்ணமாட்டாங்க."

"இந்த வாட்டி நல்லதா வரும்" என்றாள் அம்மா.

"அந்த மூணு இன்னும் கீது தெரியுமா? ஒண்ணுகூட சாவல. தவுடு கொஞ்சம் போட்டேன், துன்னுது."

தொட்டியில் எட்டிப் பார்த்தோம். மூலையில் இருந்த மூன்றும் இப்போது பாசியோரம் மேய்ந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

இரண்டாவது சாம்பிளை அப்பா எடுத்தார். டிரம்முக்குள் கையை விட்டு, மாவு கரைப்பதுபோல மெதுவாக ஒரு சுற்று சுற்றி, நல்லது பொல்லாதது எல்லாம் கலந்ததும், முகத்தைத் திருப்பிக்கொண்டு குவளையால் மொண்டார். அம்மா டிரம்முக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. நின்றாள். "பெருசு ஏதும் வந்திச்சா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். "சொல்லமாட்டேன்" என்றார் அப்பா. இருபது எண்ணி வாளியில் விட்டோம். இந்த முறை அப்பாவே ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வாளியைப் பிடித்துக்கொண்டார். வேகத்தடை வந்தபோதெல்லாம் அவரும் "மெதுவா" என்றார்.

ஐந்து நாள் பார்த்தோம். பழைய மூன்றைக் கழித்துப் பார்த்தால் பத்தொன்பது இருந்தன. ஒன்று என்னவாயிற்றென்று தெரியவில்லை. சாம்பிள் தேறியது என்று அப்பா தன் நோட்டில் எழுதினார்.

அடுத்த ஞாயிறு, மிச்சத்தையெல்லாம் மூன்று வாளியில் ஒரு லோடு ஆட்டோவில் கொண்டுபோனோம். டிரம் தண்ணீரையும் கேன்களில் பிடித்துப்போய்த் தொட்டியில் கலந்தோம். குவளை குவளையாக விடும்போது அப்பா எண்ணினார், இருநூற்றுப் பதினெட்டு. சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. வாலுக்கு இரண்டு பக்கமும் நூல் மாதிரி தொங்கிய அந்தக் கால்களால் அவை இன்னும் ஒன்றும் செய்யவில்லை, சும்மா இழுத்துக்கொண்டு நீந்தின. நாவல் கிளை ஒன்றை வெட்டித் தொட்டிக்குள் சாய்த்து, ஏறிப்போக வழி செய்துவைத்தார் தோட்டக்காரர். நாங்கள் கேட்கவில்லை.

காரணம் என்ற இடத்தில் நின்ற விண்ணப்பத்தை அப்பா முடிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை. நவம்பர் இருபத்தொன்பதாம் தேதி சாவியைக் கொடுத்தார், கெடுவுக்கு ஒருநாள் முன்னால்.

டிசம்பர் நடுவில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல் விரிக்கும்போது தோட்டக்காரர் எனக்குப் போன் செய்தார். "பாப்பா, வாலோட ஒண்ணு வைக்கோல்ல குந்திகினு கீது. கட்ட வெரல் நகம் அளவுதான். இன்னா பண்ண?" ஒன்றும் செய்ய வேண்டாம், மிதிக்காமல் இருந்தால் போதும் என்றேன். மறுநாள் பூசைக்குப் போனபோது குடிலின் அந்த ஓரத்தில் ஒரு செங்கல் வைத்து மறித்திருந்தது.

இப்போது பிப்ரவரி. தொட்டியை விட்டு ஏறிப்போனதாக நாங்களும் தோட்டக்காரரும் கண்ணால் பார்த்தவை நாற்பத்தாறு. பார்க்காமல் போனவை எத்தனை என்று தெரியாது. தொட்டியில் தலைப்பிரட்டை இல்லை. தண்ணீரைச் செடிக்கு எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஆவடியில் எங்கள் பிளாக்கை இடித்தார்களா, பின்னாலிருந்த மரங்கள் நிற்கின்றனவா என்று நாங்கள் போய்ப் பார்க்கவில்லை, பார்க்க அனுமதியும் இல்லை. கோயில் வளாகத்தில் தவளைக் குரல் இதுவரை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. குட்டிகள் வளர்ந்து குரல் கொடுக்க அடுத்த மழைக்காலமாவது ஆகும். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நாவல் மரத்தடிக்குப் போய்க் கொடியை விலக்கிப் பார்க்கிறாள். போன வாரம் பார்த்ததில் இரண்டு இருந்தன.